ஒன்றரை லட்சத்தில் ஓர் ஆஸ்டின்: செட்டிநாட்டுப் பழைய கார் ஒன்றின் காப்பீடும் மதிப்பீடும்

காரைக்குடி வட்டாரத்தில் ஒரு குடும்பத்துக்குச் சொந்தமான 1950ஆம் ஆண்டு ஆஸ்டின் ஏ40 டெவன் காருக்கு 2022 நவம்பரில் சேதம் ஏற்பட்டது. இழப்பீட்டுக் கோரிக்கை எப்படிப் போனது, பிறகு அந்தக் காரின் உண்மையான மதிப்பை எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். காப்பீட்டுக்காகச் சேதத்தை மதிப்பிடும் வாகன இழப்பு சர்வேயராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்த விவகாரத்தில் குடும்பத்தின் பக்கம் இருந்து ஆலோசனை சொன்னேன். அவர்கள் சம்மதித்ததால் எழுதுகிறேன். பெயர், ஊர், வண்டி எண் எதுவும் இல்லை.

பின்னணி

முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று நீளும் பெரிய வீடு. ஆண்டில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும். கல்யாணம், அறுபதாம் கல்யாணச் சாந்தி என்றால் மட்டும் ஆள் நிறையும். நான்கு பங்காளிகள்: ஒருவர் சென்னை, ஒருவர் கோயம்புத்தூர், இருவர் வெளிநாடு. பின்கட்டில் தங்கி வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு காவல்காரரும் அவர் மனைவியும் உண்டு.

காரை வாங்கியவர் இவர்களுடைய ஐயா. ஏ40 வண்டிகளை 1949 முதல் அசோக் மோட்டார்ஸ் சென்னையில் கோத்து விற்றுக்கொண்டிருந்தது. 1955இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய அதே நிறுவனம்தான். 1,200 சிசி இன்ஜின், தனி சேஸிஸ், அதன் மேல் பாடி. தனி சேஸிஸ் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். வண்டி நின்ற இடம், மாட்டு வண்டிக்காகக் கட்டிய கொட்டகை. நாட்டு ஓடு, பனஞ்சட்டம். ஆண்டுக்கு ஒருமுறை நகரத்தாரின் நகரக் கோயிலுக்கும், வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கும் வெளியே வரும். மற்றபடி மாதம் ஒருமுறை காவல்காரரின் மகன் ஸ்டார்ட் செய்து கால் மணி நேரம் ஓடவிடுவார்.

ஆர்சியும் பாலிசியும் குடும்பத்தின் மூத்தவர் பெயரில் இருந்தன. அவருக்கு அப்போது 82 வயது, இருப்பு சென்னை. காரியங்களைப் பார்த்தது அவருடைய தம்பி மகன்.

அடுத்து பாலிசி. முழுக் காப்பீடு எடுத்திருந்தார்கள், அதுவரை நல்லது. கோளாறு ஐடிவியில் இருந்தது. வண்டி முழுதாகப் போனால் நிறுவனம் தரும் உச்சத் தொகைதான் ஐடிவி. 2015இல் 3 லட்சம் என்று தொடங்கியது, ஒவ்வொரு ரெனியூவலிலும் பத்து சதவீத அளவுக்குக் குறைந்து 2022 ஜூலையில் 1,50,000க்கு வந்து நின்றது. யாரும் உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவு இல்லை. கம்ப்யூட்டர் குறைத்தது, இவர்கள் பணம் கட்டினார்கள். ஒருமுறை தம்பி மகன் கேட்டதற்கு முகவர் சொன்னாராம்: “அண்ணே, பழைய வண்டி. எவ்வளவு போட்டாலும் கிளெய்ம்னு வந்தா தேய்மானத்துல போயிடும். கம்மியா போட்டா பிரீமியமாவது மிச்சம்.”

இது பாதி உண்மை. பழுது பார்க்கும்போது உதிரிபாகங்களுக்குத் தேய்மானம் பிடிப்பார்கள். ஆனால் முழு இழப்பில் ஐடிவியையே சந்தை மதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும், பாலிசி காலம் முழுக்க மேற்கொண்டு தேய்மானம் கிடையாது என்று பாலிசியிலேயே அச்சிட்டிருக்கிறது. முகவர் சொன்னதில் அந்த மறுபாதி இல்லை.

புதிய வண்டியின் ஐடிவிக்கு ஓர் அட்டவணை உண்டு. ஆறு மாதத்துக்குள் 5 சதவீதக் கழிவில் தொடங்கி, ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதம் வரை போகும். அதற்கு மேல் வயதான வண்டிக்கு அட்டவணையே இல்லை. நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகைதான். எழுபது வயதுக் காருக்கு ஆண்டுதோறும் பத்து சதவீதம் குறைக்கச் சொல்லும் விதி எதுவும் கிடையாது.

நவம்பர் இரவு

வடகிழக்குப் பருவமழை நான்கு நாளாக விடாமல் பெய்திருந்தது. ஐந்தாம் நாள் இரவு காற்றோடு அடித்ததில், கொட்டகைக்குப் பக்கத்தில் நின்ற பழைய வேப்பமரம் வேரோடு சாய்ந்தது. ஓட்டுக்கூரை உள்ளே விழுந்தது, அதன் மேல் மரம்.

நான் மறுநாள் மதியம் போனேன். காரின் கூரை ஓட்டுநர் பக்கம் முக்கால் அடி உள்வாங்கியிருந்தது. முன்கண்ணாடி தூள். பானட்டில் குறுக்கே ஒரு பள்ளம், இடது முன்கதவு மடங்கி பூட்டு பிய்ந்திருந்தது. ஸ்டீயரிங் மேல் ஒரு ஓடு உடையாமல் செருகி நின்றது. அதை எடுப்பதற்கு முன் போட்டோ எடுத்தேன். கிளெய்மில் பிற்பாடு அதிகம் பயன்பட்ட போட்டோ அதுதான், ஏனென்றால் கூரை எந்த வரிசையில் விழுந்தது என்பதை அது காட்டியது.

ஆனால் நான் போவதற்குள் ஒரு காரியம் நடந்திருந்தது. காவல்காரரின் மகன்கள் காலையிலேயே அரிவாளும் கோடாலியுமாக இறங்கி, பானட் மேல் கிடந்த கிளையை வெட்டி எடுத்திருந்தார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். கோடாலி இரண்டு இடத்தில் தவறி வலது மட்கார்டில் விழுந்திருந்தது. அதை மறைக்கலாமா என்று தம்பி மகன் போனில் கேட்டார். வேண்டாம் என்றேன். மரம் விழுந்த பள்ளம் மழுங்கி அகன்றிருக்கும், கோடாலி பட்ட இடம் கூராக வெடித்திருக்கும். எந்த சர்வேயரும் ஒரே பார்வையில் பிரித்துவிடுவார். ஒன்றை மறைத்தால் மற்ற பத்தையும் சந்தேகிப்பார்.

அன்றைக்கே நிறுவனத்துக்குத் தகவல் கொடுத்து கிளெய்ம் எண் வாங்கினோம். வண்டியை நகர்த்தாமல் மேலே தார்ப்பாய் போட்டோம். புயல், மழை, காற்றால் வரும் சேதம் முழுக் காப்பீட்டில் அடங்கும், நின்ற வண்டிக்கும் அடங்கும். அதில் நிறுவனமும் தகராறு செய்யவில்லை.

எஸ்டிமேட், என்னுடைய தவறு

நான்காம் நாள் சர்வேயர் வந்தார். இளைஞர், பொறுமையானவர். பழைய கார் அவருக்குப் பழக்கமில்லை, அதை ஒளிக்கவும் இல்லை. எஸ்டிமேட் கொடுங்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்.

பழைய கார்களை முழுதாகப் புதுப்பிக்கும் கோயம்புத்தூர்ப் பட்டறை ஒன்றை அழைக்கச் சொன்னவன் நான்தான். அவர்கள் வந்து பார்த்து 3,35,000 ரூபாய்க்கு எழுதிக் கொடுத்தார்கள். கூரையையும் பானட்டையும் கதவையும் புதிதாகத் தகட்டில் அடிக்க டிங்கரிங் கூலி 1,60,000. தகடும் உலோகப் பாகங்களும் 62,000. சொல்லிச் செய்ய வேண்டிய முன்கண்ணாடி 18,000. ரப்பர் பீடிங் வகை 15,000. வண்டி முழுக்க பெயிண்டிங் 80,000. வேலைத் தரத்துக்கு அது நியாயமான விலை. அதை அப்படியே சர்வேயரிடம் கொடுத்துவிட்டோம்.

அவர் போட்ட கணக்கு இது. பத்து வயதைத் தாண்டிய வண்டி என்பதால் உலோகப் பாகத்துக்கு 50 சதவீதத் தேய்மானம், 31,000 நின்றது. ரப்பருக்கு எந்த வயதானாலும் 50 சதவீதம், 7,500. கண்ணாடிக்குத் தேய்மானம் இல்லை. பெயிண்டிங்கில் கால் பங்கைப் பொருள் செலவாக எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள், 70,000. கூலி முழுசாக உண்டு. மொத்தம் 2,86,500. 1,500 சிசிக்கு மேற்படாத காருக்கு உரிமையாளரே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000.

கணக்கில் பிழை இல்லை. ஆனால் பாலிசி விதிகளுக்கு உட்பட்டுக் கணக்கிட்ட பழுதுச் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால், அந்த வண்டி முழு இழப்பாகக் கருதப்படும். ஒன்றரை லட்சத்தில் 75 சதவீதம் 1,12,500. இங்கே அதைப் போல இரண்டரை மடங்கு வந்துவிட்டது. ஓடக்கூடிய, இன்ஜினில் கீறல் கூட விழாத ஒரு கார் காகிதத்தில் செத்துப்போனது. இந்த 75 சதவீதக் கணக்கை முதல் நாளே போட்டிருக்க வேண்டியவன் நான். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் கோப்பில் போட்ட கணக்கு அது.

காயலான் கடையும் சேகரிப்பாளரும்

முழு இழப்பு என்றால் இரண்டு வழி. வண்டியை நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு ஐடிவியை வாங்கலாம். அல்லது உடைந்த வண்டியை நாமே வைத்துக்கொண்டு, அதற்கு என்ன விலை போகுமோ அதைக் கழித்த மீதியை வாங்கலாம். உடைசலுக்கு விலை கேட்பது சர்வேயரின் வழக்கமான வேலை.

முதலில் வந்தவர் பழைய இரும்பு வாங்கும் காயலான் கடைக்காரர். எடை போட்டுப் பார்த்து 32,000 என்றார். குடும்பத்தார் அதைக் கேட்டு வேதனைப்பட்டார்கள். நான் உள்ளுக்குள் நிம்மதிப்பட்டேன், அந்த விலை நின்றால் கழிவு போக கையில் 1,17,000 வரும், வண்டியும் வீட்டிலேயே இருக்கும்.

ஒரு வாரத்தில் இரண்டாவது விலை வந்தது. பழைய கார் சேகரிக்கும் யாரோ ஒருவருக்காகத் தரகர் கொடுத்தது: 1,40,000. இன்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஆர்சியோடு பொருந்துகின்றனவா என்று மட்டும் அவர் கேட்டாராம். உடைந்த கூரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இப்போது நிறுவனத்தின் நிலை: வண்டியைக் கொடுத்தால் 1,49,000. வைத்துக்கொண்டால் 1,50,000இல் 1,40,000 போக, கட்டாயக் கழிவும் போக, 9,000 ரூபாய். முழு இழப்பு என்று முடிப்பதால் ஆர்சியையும் ரத்து செய்து காகிதம் தர வேண்டும் என்றார்கள்.

பழைய காரைக் குறைந்த ஐடிவியில் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். மாருதியோ ஹூண்டாயோ உடைந்தால் உடைசல் விலை ஐடிவியில் சின்னப் பங்குதான். அரிய காருக்கு உடைந்த நிலையிலும் நல்ல மதிப்பு மிஞ்சும். ஐடிவி அந்த உடைசல் விலைக்குப் பக்கத்தில் இருந்தால், பாலிசி இருந்தும் இல்லாத கதைதான். ஆர்சி ரத்தானால் பிறகு எத்தனை லட்சம் போட்டுச் சரி செய்தாலும் அதை ரோட்டில் இறக்க முடியாது.

வெளிநாட்டிலிருந்த பங்காளி ஒருவர், கொடுத்துவிடலாம், வருவதை நாலாகப் பிரிக்கலாம் என்றார். மூத்தவருக்கு மனமில்லை. இரண்டு வாரம் போனிலேயே பேச்சு ஓடியது, அதில் நான் தலையிடவில்லை.

எடுத்த முடிவு

வழி கொட்டகைக்குள்ளேயே இருந்தது. இடிந்த ஓடுகளை அப்புறப்படுத்தியபோது, பின்சுவரை ஒட்டிச் சாக்கு போர்த்திய குவியல் ஒன்று தெரிந்தது. அறுபதுகளில் ஐயா ஓடாத இன்னொரு ஏ40ஐ உதிரிக்காக வாங்கிப் பிரித்துப் போட்டிருக்கிறார். பானட் ஒன்று, முன்கதவு இரண்டு, மட்கார்டு, விளக்கு வளையங்கள். துருப்பிடித்திருந்தாலும் தகடு கெட்டி. காவல்காரருக்கு அது முன்பே தெரியும். “கேட்டா சொல்லியிருப்பேனே ஐயா” என்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

பானட்டும் கதவும் கையில் இருந்தால் புதுத் தகடு தேவையில்லை. கூரையை மாற்றாமல் தட்டி எடுக்க முடியுமா என்பது மட்டும் மிச்சம். காரைக்குடியில் அம்பாசடர் காலத்திலிருந்து டிங்கரிங் செய்யும் ஒரு மேஸ்திரியை அழைத்து வந்தோம். அவர் உள்துணியைக் கழற்றி, கூரைக்கு உட்புறம் கையை விட்டு, மடிப்பு ஓடும் கோட்டை விரலால் தடவிக்கொண்டே போனார். பிறகு வண்டிக்கு அடியில் படுத்து, சேஸிஸின் நான்கு மூலைக்கும் குறுக்காக நூல் பிடித்துப் பார்த்தார். இரண்டு மூலைவிட்டமும் ஒரே அளவு. அடி வளையவில்லை, மேலே அடிபட்டதெல்லாம் பாடியோடு நின்றுவிட்டது என்றார். தனி சேஸிஸ் கொண்ட வண்டியில்தான் இப்படிச் சொல்ல முடியும்.

அவருடைய எஸ்டிமேட் 1,14,000. கூலி 66,000, கண்ணாடி 18,000, அடிபட்ட பகுதிகளுக்கு மட்டும் பெயிண்டிங் 24,000, ரப்பர் 6,000. கோடாலி பட்ட மட்கார்டைக் கணக்கில் சேர்க்கவில்லை, அது எங்கள் பாடு. தேய்மானம் போக 1,08,000. 1,12,500க்கு உள்ளே வந்துவிட்டது.

இந்த எஸ்டிமேட்டோடு, முழு இழப்பு முடிவை மறுபரிசீலனை செய்யக் கோரி மூத்தவர் கையெழுத்தில் கடிதம் அனுப்பினோம். உதிரிபாகங்களின் போட்டோ, மேஸ்திரியின் அளவுக் குறிப்பு இரண்டையும் இணைத்தோம். பதில் வராவிட்டால் 30 நாள் பொறுத்து, சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போவதாக இருந்தோம். அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. அதற்கு அவசியம் வரவில்லை. சர்வேயர் மறுபடி வந்தார். பானட்டையும் கதவையும் வண்டியோடு பொருத்திக் காட்டச் சொன்னார், மேஸ்திரியிடம் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். பழுது பார்க்கும் கிளெய்மாக மாற்றி அறிக்கை கொடுத்தார். 2023 பிப்ரவரியில் 1,07,000 ரூபாய் ஒப்புதலானது.

வாசகர் ஒரு கேள்வி கேட்கலாம்: 75 சதவீதத்துக்குள் அடக்கத்தான் எஸ்டிமேட்டைச் சுருக்கினீர்களா? வேலையின் அளவைச் சுருக்கினோம், விலையைப் பொய்யாக்கவில்லை. அந்தத் தொகைக்கு அந்த வேலை நடந்தது, பில் இருக்கிறது. அதற்கு மேல் வந்த செலவை நிறுவனத்திடம் கேட்கவும் இல்லை.

பழுதும் அதன் குறையும்

ஏப்ரலில் வேலை முடிந்தது. மொத்தச் செலவு 1,62,000, கைக்காசு 55,000. கூரை நன்றாகவே வந்தது. சாய்வெயிலில் பார்த்தால் மட்டும் ஒரு மெல்லிய அலை தெரியும். புது பெயிண்ட் பழையதோடு ஒட்டவில்லை, பானட் ஒரு சாயல் கூடுதலாகச் சிவந்திருக்கிறது. கோயம்புத்தூர்ப் பட்டறை செய்திருந்தால் இரண்டும் இருந்திருக்காது. வண்டியே கையைவிட்டுப் போயிருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உண்மையான மதிப்பு எவ்வளவு?

ஜூலையில் பாலிசி புதுப்பிக்க வேண்டும். இந்த முறை ஐடிவியை 25 லட்சம் போடச் சொல்லுங்கள் என்றார் தம்பி மகன். வெளிநாட்டு ஏலத்தில் ஏதோ பழைய கார் போன விலையைப் பார்த்திருக்கிறார். ஒன்றரை லட்சம் எவ்வளவு தப்போ, அவ்வளவு தப்பு இதுவும். காப்பீடு இழந்ததை ஈடுகட்டத்தான், லாபத்துக்கு இல்லை. ஆதாரமில்லாத தொகையை எழுதினால், கிளெய்ம் வரும் நாளில் அதை வைத்தே கேள்வி கேட்பார்கள். பழைய கட்டண அட்டவணைப்படி இந்த வயதுக் காருக்குச் சொந்தச் சேதப் பிரீமியம் ஐடிவியில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்றரை ரூபாய். தள்ளுபடிக்கு முன் 25 லட்சத்துக்கு 85,000 தாண்டும். கிளெய்ம் வாங்கியதால், கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்காக அதுவரை சேர்ந்திருந்த 50 சதவீதப் பிரீமியத் தள்ளுபடியான போனஸும் போயிருந்தது.

பழைய கார் போட்டிகளில் நடுவராக இருந்த அனுபவமுள்ள ஒருவரை மதுரையிலிருந்து வரவழைத்தோம். ஒரு நாள் முழுக்கப் பார்த்தார்.

முதல் வேலை எண்கள். சேஸிஸ் எண் அடித்த இடத்தை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, மேலே மெல்லிய காகிதம் வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தார். எண் ஒவ்வொன்றாக வெள்ளையாக எழுந்து வந்தது. இன்ஜினுக்கும் அப்படியே. இரண்டும் ஆர்சியோடு பொருந்தின. இந்த வயது வண்டிகளில் அது சாதாரணம் இல்லை, இடையில் யாராவது அம்பாசடர் இன்ஜினைத் தூக்கி வைத்திருப்பார்கள்.

அடுத்து காந்தம். கைக்குட்டையில் சுற்றிய சிறு காந்தத்தை பாடி முழுக்க வைத்துக்கொண்டே போனார். தகட்டில் சட்டென்று ஒட்டும், பட்டி பூசிய இடத்தில் நழுவும். முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவிலுள்ள தூணில், இரு பக்கமும் ஒரு சாண் நீளத்துக்குக் காந்தம் நிற்கவில்லை. அந்தக் காலத்து வண்டிகளில் திரும்பும்போது தூணிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே நீளுமே, அது இருந்த பள்ளம். எண்பதுகளில் மின்னும் விளக்கு வைத்தபோது அதைப் பட்டியால் மூடியிருக்கிறார்கள். கழற்றிய கைகள் எங்கே என்றார். பழைய எவர்சில்வர், பித்தளைச் சாமானோடு முனீஸ்வரன் கோயில் தெருக் கடையில் போட்டதாகக் காவல்காரருக்கு நினைவு. டாஷ்போர்டில் ஒரு மீட்டர் வேறு வண்டியுடையது. சீட்டு ரெக்ஸின், புதியது.

பிறகு காகிதம். இதில் நகரத்தார் வீடு ஒரு வரம். நாள்வழியும் பேரேடும் எதையும் விடாது. வண்டி வாங்கிய பற்றும், அதே மாதம் டிரைவருக்குச் சம்பளம் ஏறிய பதிவும் 1950ஆம் ஆண்டுப் பேரேட்டில் இருந்தன. 1958 கல்யாணப் போட்டோ ஒன்றில் பதிவெண் தெளிவாகத் தெரிந்தது. வாங்கிய நாளிலிருந்து ஒரே குடும்பம் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்.

விலைக்கு இங்கே அச்சிட்ட கையேடு எதையும் நம்பி நிற்க முடியாது. தென்னிந்தியாவில் அண்மையில் கைமாறிய இதே வகை வண்டிகள் மூன்றின் விலையை அவர் விசாரித்தார். சொல்லும் விலையை விட்டுவிட்டு முடிந்த விலையை மட்டும் எடுத்துக்கொண்டார். எண்கள் பொருந்துவதற்கும் ஒரே உரிமையாளர் வரலாற்றுக்கும் கூட்டினார். தூண் பள்ளம், மீட்டர், கூரை அலை, நிறப் பொருத்தமின்மை ஆகியவற்றுக்குக் கழித்தார். 7,25,000 ரூபாய். பன்னிரண்டு பக்க அறிக்கை, நாற்பது போட்டோ. தம்பி மகனின் முகம் சற்று வாடியது.

கொட்டகையில் மிஞ்சிய உதிரிகளை அவர் தனியாக மதிப்பிட்டார். வாகன பாலிசி வண்டியையும் அதில் பொருத்தியதையும்தான் பார்க்கும், சாக்குக்குள் கிடப்பதைப் பார்க்காது. அவை வீட்டுப் பொருள் காப்பீட்டில் சேர்ந்தன.

புதிய பாலிசி

மதிப்பு ஒப்பந்த பாலிசி என்று ஒன்று உண்டு. முன்கூட்டியே ஒப்புக்கொண்ட தொகையை முழு இழப்பில் அப்படியே தர வேண்டும். ஆனால் அப்போதைய மோட்டார் கட்டண விதிகளில் அது வின்டேஜ் கார்களுக்கு மட்டும், அதாவது 31.12.1940க்கு முன் தயாராகி, இந்திய வின்டேஜ் அண்ட் கிளாசிக் கார் கிளப் சான்று பெற்றவற்றுக்கு மட்டும். பத்து ஆண்டு இளைய நம் ஆஸ்டினுக்கு அந்தக் கதவு திறக்காது. ஆகவே ஐடிவியையே அந்த வேலைக்குப் பயன்படுத்தினோம். ஐந்து வயதுக்கு மேல் ஐடிவி பேசி முடிப்பது, முடித்தபின் அந்த ஆண்டு முழுக்க அதுவே சந்தை மதிப்பு. இரண்டையும் சேர்த்தால் ஓராண்டுக்கு மதிப்பு ஒப்பந்தம் போலத்தான்.

இணையதளங்களில் மாடல் பட்டியலிலேயே இந்தக் கார் இல்லை. ஒரு நிறுவனத்தின் கிளை மறுத்தது. இன்னொன்று தங்கள் ஆளை அனுப்பிப் பார்த்துவிட்டு 6,50,000க்குச் சம்மதித்தது. 75,000க்காக மேலும் ஒரு மாதம் அலைய வேண்டாம் என்று ஏற்றுக்கொண்டோம். மதிப்பீட்டு அறிக்கையைப் பெற்றுக்கொண்டு அதன் அடிப்படையில் ஐடிவி நிர்ணயித்ததாக ஒரு வரி எழுதி வாங்கியதுதான் முக்கியம்.

அப்போது ஒரு விஷயம் வெளியே வந்தது. பக்கத்து ஊர் ஹோட்டல் ஒன்று விருந்தினரை அழைத்துவர இந்தக் காரை வாடகைக்குக் கேட்டிருந்தது, இரண்டு முறை போயும் வந்திருக்கிறது. தனியார் கார் பாலிசியில் வாடகைக்கு விடுவது விலக்கு. அந்த நேரத்தில் விபத்து நடந்திருந்தால் சேதத்தோடு முடிந்திருக்காது. உடனே நிறுத்தினார்கள்.

வின்டேஜ் பதிவையும் யோசித்தோம். 2021 விதிகளின்படி 50 வயது கடந்து, மூல நிலையில் பெரிய மாற்றமில்லாத வண்டியை வின்டேஜாகப் பதியலாம். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். அப்படிப் பதிந்த காருக்கு மூன்றாம் தரப்புப் பிரீமியத்தில் பாதி தள்ளுபடி, அப்போதைய 3,416இல் 1,708 மிச்சம். ஆனால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுதல், பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் இறக்கலாம். இவர்கள் ஆண்டுதோறும் கோயிலுக்கு ஓட்டிப் போகிறார்கள், மாப்பிள்ளை அழைப்புக்கு எடுக்கிறார்கள். 1,708 ரூபாய்க்காக அதை விடுவதா, விடாமல் ஓட்டி ஒரு நாள் மாட்டிக்கொள்வதா? சாதாரணப் பதிவே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். ஓடாமல் காட்சிக்கு மட்டும் நிற்கும் வண்டியானால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

இனி மாற்றிச் செய்வது

முதல் எஸ்டிமேட்டைக் கொடுக்கும் முன் ஐடிவியில் 75 சதவீதம் எவ்வளவு என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பார்ப்பேன். அங்கேதான் மூன்று மாதம் போனது. பட்டறைக்காரரை அழைக்கும் முன் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் என்ன இருக்கிறது, என்ன போனது என்று கேட்பேன். சேதத்துக்கு முன்பே எண்களின் பென்சில் பதிவும் பேரேட்டுப் பக்கத்தின் நகலும் இருந்திருந்தால், ஐடிவியைப் பற்றிப் பேச ஓர் ஆதாரம் 2015லேயே இருந்திருக்கும். கொட்டகையை ஒட்டி வளர்ந்த மரத்தைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, அதை வெட்டச் சொன்னபோதெல்லாம் மூத்தவர் மறுத்தாராம்.

பங்காளிகள் நால்வரும் கையெழுத்திட்டு ஒரு காகிதம் எழுதினார்கள்: கார் யார் பெயரில் இருக்கும், செலவு எப்படிப் பிரியும், கிளெய்ம் பணம் வந்தால் முதலில் எதற்கு. அதையும் நான் முன்பே கேட்டிருக்க வேண்டும். காசோலை பாலிசிதாரர் பெயருக்குத்தான் வரும், பங்கு பார்க்காது.

பின்னர் நடந்தவை

2024இல் மூத்தவர் காலமானார். பாலிசிதாரர் இறந்தால் பாலிசி உடனே செல்லாமல் போவதில்லை. மூன்று மாதம் அல்லது பாலிசி முடியும் நாள், எது முன்போ அதுவரை நிற்கும். அதற்குள் வாரிசு தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். கருமாதி முடிந்த மறுவாரமே தம்பி மகன் இறப்புச் சான்றிதழோடும் மற்ற மூவரின் சம்மதக் கடிதத்தோடும் ஆர்டிஓ அலுவலகம் போனார். இரண்டாம் மாதத்தில் ஆர்சியும் பாலிசியும் அவர் பெயருக்கு வந்தன.

2025 ஜூலை ரெனியூவலுக்கு வந்த நோட்டீஸில் ஐடிவி 5,85,000 என்று இருந்தது. கம்ப்யூட்டர் மறுபடி பத்து சதவீதம் கழித்திருந்தது. அவர் என்னைக் கேட்கவில்லை. 2023 அறிக்கையின் நகலையும், அந்த ஒரு வரிக் கடிதத்தையும், புதிதாக எடுத்த எட்டு போட்டோவையும் இணைத்து நோட்டீஸைத் திருப்பி அனுப்பினார். திருத்திய நோட்டீஸ் ஒன்பதாம் நாள் வந்தது: 6,50,000.